ஆம்ப் கரகரங்குதா? ஸ்பீக்கரைக் கழட்டுறதுக்கு முன்னாடி

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்வி. "கிட்டார் ஆம்ப் கரகரன்னு சத்தம் போடுது, ஸ்பீக்கர் போயிடுச்சா? புதுசு வாங்கிடலாமா?"

கொஞ்சம் பொறுங்க. ஸ்பீக்கர் நல்லாவே இருக்கலாம். இல்லன்னா, ஆம்ப்ல இருக்கிற கோளாறே ஸ்பீக்கரை எரிச்சிருக்கலாம். அப்படின்னா புது ஸ்பீக்கரும் அதே மாதிரி எரியும். பணம் ரெண்டு தடவை போகும்.

முதல்ல பாதியா பிரிங்க

கோடுல பக் தேடுற மாதிரிதான். கிட்டார், கேபிள், ப்ரீஆம்ப், பவர் ஆம்ப், ஸ்பீக்கர்னு ஒரு வரிசை. கேபிளை மாத்திப் பாருங்க. ஆக்ஸ் இன்புட் இருந்தா போன்ல இருந்து பாட்டு போடுங்க. ஹெட்போன்ல கேளுங்க. அங்கேயும் கரகரன்னா, கோளாறு ஸ்பீக்கருக்கு முன்னாடியே இருக்கு.

ஹெட்போன்ல சுத்தமா கேட்டா ஸ்பீக்கர் மேல சந்தேகம் கூடும், ஆனா தீர்ப்பு சொல்லிட முடியாது. உறுதியான சோதனை, அதே ஓம் அளவுள்ள நல்ல ஸ்பீக்கரை மாட்டிப் பார்க்கிறது. குறிப்பிட்ட ஒரு நோட்டுக்கு மட்டும் அதிர்வு வந்தா, பெட்டியோட ஸ்க்ரூவையும் முன்பக்க கிரில்லையும் கையால அழுத்திப் பாருங்க. சத்தம் நின்னா வேலை முடிஞ்சது.

8 ஓம் ஸ்பீக்கர் ஏன் 6 காட்டுது?

ஆம்பை ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு மல்டிமீட்டரை வைங்க. 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம்னா 3-க்குக் கொஞ்சம் மேல. பயப்படாதீங்க. 8ங்கிறது இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் காட்டுற எதிர்ப்பு. மீட்டர் அளக்கிறது நேர்மின்னோட்ட எதிர்ப்பை மட்டும்.

மீட்டர் எதுவுமே காட்டலைன்னா, வாய்ஸ் காயிலோ அதுக்குப் போற மெல்லிய பின்னல் ஒயரோ அறுந்திருக்கு. கோனை லேசா அசைக்கும்போது எண் தாவினா பெரும்பாலும் அந்தப் பின்னல் ஒயர்தான். அதைச் சரிபண்ண வாய்ப்பு உண்டு. கிட்டத்தட்ட 0 காட்டினா காயில் ஷார்ட்.

கை, காது, ஒரு பேட்டரி

இப்போ ரெண்டு கையாலயும் கோனைச் சமமா, மெதுவா உள்ளே அழுத்துங்க. சத்தமில்லாம போய் வரணும். சரக் சரக்னு உரசினா, வாய்ஸ் காயில் காந்த இடைவெளியில கோணலா நிக்குது, இல்லன்னா சூட்டுல உருமாறிடுச்சு. அதுக்கு ரீகோன் இல்லன்னா புது ஸ்பீக்கர்தான்.

மீட்டர் இல்லையா? ரிமோட்ல போடுற 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகள்ல ஒரு நொடி மட்டும் தொடுங்க. "டப்"னு கோன் அசைஞ்சா காயில் அறுந்து போகலைன்னு அர்த்தம். ஆனா உரசல் இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

ஸ்பீக்கர் எரிஞ்சிருந்தா இதைச் செய்யாம விடாதீங்க

டிரான்சிஸ்டர் ஆம்ப்ல அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனா, ஸ்பீக்கருக்கு நேர்மின்சாரம் பாயும். காயில் சூடாகி கருகும். அதனால புது ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு முன்னாடி, ஒயர் முனைகள் ஒன்னோட ஒன்னு படாம வச்சு, ஆம்பை ஆன் பண்ணி, டிசி வோல்ட்ல அளங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கணும். சில வோல்ட் காட்டினா ஸ்பீக்கர் மாட்டாதீங்க, ஆம்பை டெக்னீஷியன்கிட்ட கொடுங்க.

வால்வு ஆம்ப்ல இந்தச் சோதனை கூடவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாம ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போகலாம். அதுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர்கள் ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். உயிர் போற விஷயம். பழக்கமில்லாதவங்க திறக்க வேண்டாம்.

ஒரு கொசுறு: 1964-ல வந்த தி கிங்க்ஸ் பாட்டு 'யூ ரியலி காட் மீ'. அந்தக் கரகர கிட்டாருக்காக டேவ் டேவிஸ் தன்னோட சின்ன ஆம்போட ஸ்பீக்கர் கோனை பிளேடால கிழிச்சார். உங்க கோன் கிழிஞ்சிருந்து, அந்தச் சத்தமும் பிடிச்சிருந்தா... அது உங்க இஷ்டம்!

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.