முடிச்சவிழ்க்கிக்கு ஜப்பானில் என்ன பெயர் தெரியுமா?

பொதட்டூர்பேட்டை விசைத்தறிகளில் நெய்கிற லுங்கிக்கு எத்தனை பாக்கெட்? ஒன்றுகூடக் கிடையாது! ஆனால் அதைக் கட்டியவர் காசு, பீடி, தீப்பெட்டி, சாவி அத்தனையையும் இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிப்பட்டுச் சந்தை வரைக்கும் போய் வந்துவிடுவார். பாக்கெட் தைக்காத துணியிலேயே பை உண்டாக்கும் இந்த வித்தையில் நமக்குச் சரியான ஜோடி யார் தெரியுமா? ஜப்பான்காரர்கள்!

அவர்களின் பாரம்பரிய உடையான கிமோனோவில் தைத்த பாக்கெட் இல்லை. மார்பின் குறுக்கே துணி மடங்கும் இடம் 'ஃபுதோகொரோ'. பணப்பை அங்கே போகும். அகலமாகத் தொங்கும் கைப்பகுதியின் அடி 'தமொதோ'. சில்லறைச் சாமான்கள் அங்கே. 'ஃபுதோகொரோ சூடாக இருக்கிறது' என்றால் கையில் காசு புரள்கிறது, 'குளிர்கிறது' என்றால் காலி! மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று சொல்கிற நமக்கு இது உடனே புரிந்துவிடும்.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையும் அங்கே உண்டு, பெயர் 'கின்ச்சாகு'. ஆண்கள் மருந்துச் செப்பையும் புகையிலைப் பையையும் கயிறு கட்டி இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமலிருக்க மேல்முனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குமிழ், 'நெட்சுகே'. தந்தத்திலும் மரத்திலும் குரங்கு, எலி, கிழவன் என்று செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஒரு முடிச்சைப் பிடித்து நிறுத்த இவ்வளவு கலையா! இன்றைக்கு அவை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. உடையில் தைத்த பைக்கு 'ககுஷி', அதாவது ஒளித்து வைப்பது, என்றொரு பழைய பெயர் உண்டு. இப்போது அங்கேயும் 'பொகெத்தோ'தான். நம் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும் கார்ட்டூன் பூனை டோரேமானின் வயிற்றில் இருப்பதும் அதுவே.

பை இருந்தால் திருடன் வராமல் இருப்பானா? 'கின்ச்சாகு-கிரி' என்றால் சுருக்குப்பை அறுப்பவன். நம் ஊர்க்காரன் அறுக்கவில்லை, அவிழ்த்தான். முந்தானையிலும் வேட்டி நுனியிலும் காசை முடிந்து வைத்த காலத்தில் அவன் முடிச்சவிழ்க்கி. சட்டையும் அதன் ஜேபியும் வந்ததும் ஜேப்படித் திருடன் ஆனான். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் கூட்டத்தில் இப்போது பிக்பாக்கெட்.

அந்த 'ஜேபி' எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போனால் தெலுங்கில் 'ஜேபு'. இரண்டுக்கும் மூலம் அரபு 'ஜைப்', உடையின் மார்பு மடிப்பு. அசல் ஃபுதோகொரோ!

இனிமேல்தான் அதிசயம். 499-ல் ஆரியபட்டர் வட்டத்தின் அரைநாணைக் கணக்கிட்ட முறை அரபு நாடுகளுக்குப் போனது. நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா', 'ஜீவா'. அரபியர் அதை உயிர்க்குறி இல்லாமல் எழுத, பிறகு படித்தவர்கள் 'ஜைப்' என்றே படித்துவிட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் மார்பு மடிப்புக்கு உரிய 'சைனஸ்' என்ற சொல்லைப் போட்டார்கள். அதுதான் பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் வரும் சைன்! காஸ் மட்டும் தப்பித்ததா? அது நிரப்புக் கோணத்தின் சைன், அதனால் அங்கேயும் ஒரு ஜேபி.