நிறமும் இயற்கைத் தேர்வும்

யாழ்ப்பாணத்திலே கலியாணப் பேச்சு எழுந்தால் நிறத்தைப் பற்றிய பேச்சும் கூடவே எழும். ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பாகவும் தங்கை வெளுப்பாகவும் இருப்பர். இதற்கு வெயிலைக் காரணங் கூறுவார் சிலர். குலத்தைக் காரணங் கூறுவார் வேறு சிலர்.

நிறத்தை ஆளும் பரம்பரையலகுகள் பல. அவற்றுள் எஸ்.எல்.சி.24ஏ5 என்பதன் தொழிலை 2005ஆம் ஆண்டில், உடலிற் கோடுகள் உள்ள ஒரு சிறு மீனை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தனர். அதில் ஓரெழுத்து மாறினால் தோல் வெளுக்கும். ஐரோப்பியருள் ஏறக்குறைய எல்லோரிடமும் இம்மாற்றம் உண்டு. தென்னாசியாவிலும் பரவலாக உண்டு. தாய் தந்தையர் இருவரிடமும் இரு வகையும் கலந்திருப்பின், பிள்ளைகளின் நிறம் வேறுபடுவதில் வியப்பில்லை.

இம்மாற்றத்தைப் பரப்பியது இயற்கைத் தேர்வுதானா? தேர்வு ஒரு மாற்றத்தை விரைந்து பரப்பும்போது அயலிலுள்ள பகுதியும் அதனுடன் பரவும். அங்கே பழைய வேற்றுமைகள் மறைந்து, பின்னர் தோன்றிய அரிய வேற்றுமைகளே மிகும். யப்பானிய அறிஞர் பூமியோ தஜிமா 1989இல் அமைத்த சோதனை இதனை அளக்கிறது. விடை பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால், தேர்வு நடந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? ஆகாது. சிறு குடித்தொகையொன்று வேகமாகப் பெருகினாலும் அவ்விதமான எண்ணே வரும்.

மழை பெய்தால் தோட்டம் முழுவதும் செழிக்கும். வெங்காயப் பாத்திகளுள் ஒன்று மட்டும் செழித்தாலே அதன் மண்ணை நோக்குவோம். குடிப்பெருக்கம் மழை போன்றது. பரம்பரையலகு அனைத்தையும் தொடும். தேர்வோ ஒரு பாத்தியைத் தொடும். ஆதலின் ஒன்றின் எண்ணை ஏனையவற்றோடு ஒப்பிடல் வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு: மனிதனுக்குள்ள ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகளுள், தேர்வே நிகழாதிருந்தாலும், கடைசி நூற்றுக்கொரு பங்காக 200 நிற்கத்தானே செய்யும்!

2013இல் வெளிவந்த ஓராய்வு, ஐரோப்பியரிடமும் தென்னாசியரிடமும் உள்ள அந்த ஓரெழுத்து ஒரே மூலத்திலிருந்து வந்ததெனக் காட்டியது. தேர்வின் சுவடு வட இந்தியாவிலே தெரிந்தது, தென்னிந்தியாவிலே தெரியவில்லை. தெரியாமையால் தேர்வே இல்லை என்பதன்று. மக்கள் பெயர்ந்து கலந்ததாலும் ஒரு மாற்றம் பரவும் என்பதே கருத்து.

நம்மைப் பற்றி யாது சொல்லலாம்? 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் 102 பேர் உளர். ஆயின் அவர்கள் பிரித்தானியாவில் வாழ்வோர். வல்வெட்டித்துறையிலும் சாவகச்சேரியிலும் ஊரூராகத் திரட்டிய மாதிரியன்று அது. நெருங்கிய உறவில் மணஞ்செய்யும் வழக்கமும், பல ஊரார் ஒன்றாய்க் கலந்து நிற்றலும், தேர்வு இல்லாமலே இத்தகைய எண்களை அசைக்கவல்லன. குடாநாட்டார் நிறத்துக்கு வெயிலோ குலமோ காரணமென்று தீர்ப்புக் கூற அந்த 102 பேர் போதார்.