ஏடும் வன்தட்டும்

புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த சேன் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 1955ஆம் ஆண்டில் ழான் பிலியோசா என்னும் அறிஞர் இதனைத் தோற்றுவித்தார். சைவ ஆகமங்களைத் தாங்கிய ஓலைச்சுவடிகள் பல இங்கே திரட்டப்பெற்றன. இந்நகரில் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இக்காலத்தில் சுவடி தேடிச் செல்வோர் ஏட்டைப் படமெடுத்து, அப்படங்களை 'ஹார்ட் டிஸ்க்' எனப்படும் கையடக்க வன்தட்டில் ஏற்றிக்கொண்டு பேருந்திலும் இரயிலிலும் திரும்புகின்றனர். சிற்றூர் வீடொன்றின் பரணில் செல்லரித்துக் கிடக்கும் ஏடு அடுத்த ஆண்டு இல்லாமலே போகலாம். அப்பொழுது பையில் உள்ள அச்சிறு பெட்டியே அந்நூலுக்கு உயிர் அன்றோ?

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய முதல் வன்தட்டுப் பொறியில் 50 தட்டுகள் இருந்தன. அது கொண்டதோ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையளவு பெட்டி அதனினும் பல இலட்சம் மடங்கு கொள்கின்றது.

இப்பெட்டிகள் இருவகைப்படும். ஒன்று, காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்வது. தட்டுக்கும் எழுதும் முனைக்கும் உள்ள இடைவெளி மயிரிழையின் தடிப்பினும் மிக மிகக் குறைவு. ஆதலின் சுழலும்போது விழுந்தாலோ அதிர்ந்தாலோ முனை தட்டைக் கீறிவிடும். மற்றொன்று எஸ்.எஸ்.டி. எனப்படுவது. இதில் அசையும் உறுப்பே இல்லை. எனவே வழிப்பயணத்திற்கு ஏற்றது இதுவே. ஆயினும் விலை மிகுதி. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் செலுத்தாது பூட்டி வைத்தால் பதிவு மங்கவும் கூடும். ஆகவே பயணத்திற்கு எஸ்.எஸ்.டி.யும், வீட்டில் சேமித்து வைக்கச் சுழல்தட்டும் கொள்வது தக்கது.

பாதுகாக்கும் முறைகளும் எளியனவே. ஓடும் பேருந்தில் சுழல்தட்டை இயக்கலாகாது. கணிப்பொறியிடம் முறைப்படி விடைபெற்ற பின்னரே கம்பியைக் கழற்றவேண்டும். வெயிலில் நிறுத்திய காரினுள் பெட்டியை விட்டுச் செல்லலாகாது. கடற்காற்றின் ஈரத்திற்கு, மூடிய உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்று இடலாம். விமானப் பயணத்தில் பெட்டி கைப்பையிலேயே இருத்தல் நன்று. களவு போயினும் பிறர் படிக்க இயலாதவாறு கடவுச்சொல்லால் பூட்டுவதும் இன்றியமையாதது.

இவை அனைத்தையும் செய்தாலும், ஒரே பிரதி ஒரே பையில் இருக்குமாயின் இடர் நீங்கவில்லை. படமெடுத்த அன்றிரவே இரண்டாம் பிரதி எடுத்து வேறு பையில் வைத்தல் வேண்டும். இயன்றால் மூன்றாவதொன்றை வேற்றூருக்கு அனுப்புதல் வேண்டும்.

இது புதிய அறிவன்று. பனையோலை வெப்பத்தாலும் பூச்சியாலும் அழியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதப்பெற்ற நூல்கள் வாழ்ந்தன. ஒரே ஏடாய் நின்றவை பல மறைந்தன. பெட்டி எத்துணை உறுதியாயினும், அதன் பிரதி வேறோரிடத்தில் உள்ளதா என்பதையே முதலில் எண்ணிப் பாருங்கள்.