உங்களுக்குத் தெரியுமா? டீசல் எஞ்சின் பிக்கப்பின் சுமைத்திறனைக் குறைக்கும்

அமெரிக்காவில் பெரிய டிரெய்லர் இழுக்க பிக்கப் வாங்குவோர் முதலில் பார்ப்பது எஞ்சினின் முறுக்குவிசையைத்தான். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் உயர்திறன் 6.7 லிட்டர் டீசல் சுமார் 1,625 நியூட்டன் மீட்டர் தருகிறது, 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது சுமார் 655தான். ஆனால் அந்த வரிசையின் எஃப்-250 போன்ற வண்டியில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இழுக்கும் திறன் அல்ல, முதுகில் சுமக்கும் திறன். பிக்கப்பின் சரக்குத் தட்டிலேயே பொருத்தி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தன் எடையில் 15 முதல் 25 சதவீதத்தைப் பிக்கப்பின் மேல் இறக்கும். 6,000 கிலோ டிரெய்லர் என்றால், 20 சதவீதக் கணக்கில், 1,200 கிலோ. குடும்பமும் சாமானும் அதற்கு மேல். டீசல் எஞ்சினோ கனமானது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு மாறாதபோது அந்தக் கூடுதல் கனம் சுமைக் கணக்கில்தான் கழியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டு, அந்த ஒரு வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று சொல்லும். விளம்பரத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

அப்படியானால் மலைப்பாதைக்கும் பெட்ரோல் போதுமா? போதாது. கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் திணறும்; டர்போ டீசல் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் வேகத்தைப் பிடித்து, சக்கர பிரேக்குகள் சூடேறாமல் காக்கும். கனமான டிரெய்லரோடு அடிக்கடி மலையேறுகிறவர் டீசலையே எடுக்கட்டும், ஆனால் எடை வரம்பு கூடுதலான எஃப்-350 வண்டியில்.