லைன் ஏன் அடிக்கடி கட் ஆகிறது?

செஞ்சியில் எங்கள் அரிசி மண்டி, திண்டிவனத்தில் கிளை. 2004-ல் தினசரி இருப்புக் கணக்கு, இரு மோடம்கள் வழியாக நேரடி டயல்-அப் மூலம்தான் போகும். பாதியில் லைன் கட் ஆகும். கணக்கு பொருந்தாது. திட்டு கணக்கருக்கு விழும். 56 கே மோடத்தில் 33.6-க்கு மேல் வேகம் வரவில்லை என்று அப்பா மோடத்தையும் மாற்றிப் பார்த்தார்.

சமீபத்தில் மண்டியை ஒழுங்கு செய்தபோது கணக்கரின் பழைய நோட்டு கிடைத்தது. லைன் கட் ஆன நேரங்களை எல்லாம் குறித்து வைத்திருந்தார். சாஃப்ட்வேர் இன்ஜினியரான எனக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன.

முதலாவது வேகம். 1998-ல் வந்த வி.90 முறையில் 56 கே கிடைக்க, ஒரு முனை டிஜிட்டல் இணைப்பில் இருக்க வேண்டும். இன்டர்நெட் நிறுவனங்களில் அப்படி இருக்கும். இரு முனையிலும் சாதாரண போன் லைன் என்றால் 33.6 கேபிபிஎஸ்தான் உச்சம். மோடத்தில் பழுதே இல்லை.

இரண்டாவது, லைன் கட் ஆவது. எல்லாமே காலை பத்து மணிக்கு மேல், வெளியூர் வியாபாரிகள் விலை கேட்கும் நேரம். இரவில் ஒரு முறைகூட இல்லை. எங்கள் லைனில் கால் வெயிட்டிங் வசதி இருந்ததாம். அடுத்த அழைப்பின் 'பீப்' ஒலி மோடம் சிக்னலைக் குலைத்துவிடும். அந்த வசதியை நிறுத்தியிருந்தால் போதும்.

இன்று உங்கள் வீட்டில் ஃபைபர் இருக்கலாம். இணைப்பு அறுந்தால் உடனே ரவுட்டரை மாற்றாதீர்கள். ஒரு வாரம் நேரத்தையும், அப்போது வேறு என்ன நடந்தது என்பதையும் எழுதிப் பாருங்கள்.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அன்றே கணக்கருக்கு அவரே போன் செய்தார்.