ரௌட்டர் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை சுற்றுவட்டாரத்தில் இணைய இணைப்பு கொடுப்பது என் தொழில். 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் கே-ஃபோன் இணையத் திட்டம் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. ஆனால் கண்ணாடியிழைக் கேபிள் வந்த வீடுகளிலும் நான் கேட்பது ஒரே குறைதான்: "தம்பி, உள் ரூமுக்கு வைஃபை வரமாட்டேங்குது."

பெரிய ரௌட்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் இருப்பதை வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ பக்கத்திலும் வேண்டாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் தடித்த செங்கல் சுவரிலும் கான்கிரீட் தளத்திலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆகவே புதிதாக வாங்குவதானால் இரண்டும் உள்ள டூயல் பேண்ட் ரௌட்டரே வாங்குங்கள். சிறிய வீட்டுக்கு அது ஒன்றே போதும்.

மாடி வீடா? விலை மலிவு என்று ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். அது ரௌட்டரின் சிக்னலை ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மாடிவரை லேன் கேபிள் இழுத்து அங்கே வைஃபை பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே உறுதியான வழி. கேட்-6 கேபிள் 100 மீட்டர்வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகம் தரும். சுவரைத் துளைக்க முடியாதவர்கள் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று இணைந்து வைஃபை பரப்பும் மெஷ் கருவிகள் வாங்கலாம்.

புதுவீடு கட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: மின்குழாய் பதிக்கும்போதே கேபிளுக்கும் தனியாக ஒரு குழாய் பதித்துவிடுங்கள்.