ரேடியேட்டர் நிறைந்தால் போதுமா? இன்ஜினுக்குள் தங்கும் காற்றையும் எடுங்கள்!

‘டிராக்டருக்குப் புது வாட்டர் பம்ப் மாட்டி, ரேடியேட்டரில் வாய் வரை தண்ணீர் ஊற்றினேன். ரோட்டவேட்டர் ஓட்ட ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் ஹீட் மீட்டர் சிவப்புக்குப் போய்விடுகிறது. புது பம்ப்பே கோளாறா?’

உழவு நேரத்தில் விவசாயிகளிடமிருந்து வரும் கேள்வி இது. கார், லோடு வேன் வைத்திருப்பவர்களும் இதையே வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். பம்ப்பைக் குறை சொல்லி மறுபடியும் கழற்றுவதற்கு முன்பு ஒன்றைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு உள்ளே இருந்த காற்றை எடுத்தார்களா?

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழாயில் காற்று பிடித்துவிட்டால் மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது. பம்ப்பில் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றினால்தான் வேலை நடக்கும். வண்டியின் வாட்டர் பம்ப்பும் அதே இனம்தான். அதன் இறக்கை தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது.

காற்று எங்கே தங்குகிறது?

ஹோஸ், பம்ப், ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட் என எதைக் கழற்றினாலும் தண்ணீரை வடித்தாக வேண்டும். வடிந்த இடமெல்லாம் காற்று நிரம்பிவிடும். திரும்ப ஊற்றும்போது தண்ணீர் கீழிருந்து நிறைந்து வரும். காற்று மேட்டில் போய் நிற்கும். இன்ஜினில் மேடான இடம் சிலிண்டர் ஹெட். அதிகம் சூடாகும் இடமும் அதுதான்.

அங்கிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இது 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய பிறகே திறக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்கள் ஊற்றும் தண்ணீர் ரேடியேட்டரை நிறைத்துவிடும். மூடிய வால்வுக்குப் பின்னால் உள்ள காற்று அப்படியே நிற்கும். வாய் வரை தண்ணீர் தெரிவதால், ‘நிறைந்துவிட்டது’ என்று நாம் மூடியைப் போட்டுவிடுகிறோம்.

தண்ணீரோடு ஒப்பிட்டால், காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. காற்று நிற்கும் இடத்தில் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகும். ஹெட் வளையலாம், விரிசல் விடலாம், ஹெட் கேஸ்கட் போகலாம். சில ஆயிரங்களில் முடிய வேண்டிய பம்ப் வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். உழவுக்கு ஈரம் இருக்கும் நாட்களில் வண்டி பட்டறையில் நிற்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஹீட் மீட்டரையும் முழுதாக நம்ப முடியாது. அதன் சென்ஸார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். காற்றுக்குள் மாட்டிக்கொண்டால், உள்ளே கொதிக்கும்போதும் முள் கீழேயே நிற்கலாம்.

வாளிக் கணக்கு

காற்று தங்கியிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரிப்பேருக்கு முன்பு வடிக்கும் தண்ணீரை வாளியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். 10 லிட்டர் வடிந்திருக்கிறது; திரும்ப ஊற்றும்போது 8 லிட்டரிலேயே வாய் நிறைந்துவிட்டது என்றால், மீதி 2 லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது. வழியில் கசிந்து குறைந்திருந்தால் இந்தக் கணக்கு சரிவராது. அப்போது வண்டியோடு கொடுத்த கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள்.

காற்றை எடுக்கும் முறை

1. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய் மற்ற பாகங்களைவிட உயரமாக இருக்கும்படி, முன்பக்கம் சற்று ஏறிய இடத்தில் நிறுத்துவது நல்லது. கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

2. காராக இருந்தால் ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். பல கார்களில் அப்போதுதான் ஹீட்டர் குழாயிலும் தண்ணீர் ஓடும்.

3. தெர்மோஸ்டாட் மூடியிலோ, மேல் ஹோஸிலோ ஏர் எடுக்கும் திருகு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தளர்த்துங்கள். எல்லா வண்டியிலும் இது இருக்காது.

4. கூலன்ட் கலவையை மெதுவாக, நூல் பிடித்ததுபோல ஊற்றுங்கள். வேகமாகக் கொட்டினால் காற்று வெளியேற வழியில்லாமல் அடைபடும். இடையிடையே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அமுக்கி விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். திருகு வழியாகக் குமிழி இல்லாமல் தண்ணீர் வழிந்ததும் திருகை இறுக்கிவிடுங்கள்.

5. மூடியைத் திறந்து வைத்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்து மிதமான வேகத்தில் ஓட விடுங்கள். துண்டு, வேட்டி நுனி, கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. முகத்தை வாய்க்கு நேராக வைக்கவும் கூடாது.

6. மேல் ஹோஸ் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் பெரிய குமிழிகள் வந்து மட்டம் சட்டென்று இறங்கும். இவ்வளவு நேரம் ஒளிந்திருந்த காற்று இதுதான். கலவையை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். குமிழி நின்றதும், கொதி வருவதற்கு முன்பு மூடியைப் போட்டுவிடுங்கள்.

7. பக்கவாட்டு டேங்கில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரு கோடுகளுக்கு நடுவே நிரப்புங்கள். சற்று ஓட்டிப் பார்த்து, முழுவதும் ஆறிய பிறகு மறுபடி மட்டம் பாருங்கள். மறுநாள் காலையும் பாருங்கள். அதன் பிறகே கனமான வேலைக்கு இறக்குங்கள்.

சில புதிய கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. டேங்கில்தான் ஊற்ற வேண்டும். வெற்றிடக் கருவி வைத்து நிரப்ப வேண்டிய வண்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கையேட்டில் சொன்ன முறையே சரி. இருக்கைக்கு அடியில் இன்ஜினும் முன்னால் ரேடியேட்டரும் உள்ள வேன்களில் குழாய் நீளம் அதிகம் என்பதால், இந்த வேலைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

குமிழி நிற்கவே இல்லையா?

இரண்டு மூன்று முறை செய்த பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால், அது தங்கிய காற்றாக இருக்காது. ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த புகை தண்ணீருக்குள் நுழைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் கம்பியில் மோர் கலந்தது போன்ற நிறம், வெளியே கசிவு இல்லாமலே தண்ணீர் குறைவது ஆகியவையும் அதற்கு அடையாளம். இப்படி இருந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வாசகர்கள் கேட்டவை

‘தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் சூடாகாது என்கிறார்களே?’

வேண்டாம். இன்ஜினுக்கும் அளவான சூடு தேவை. அது கிடைக்காவிட்டால் டீசல் சரியாக எரியாமல் செலவு கூடும், தேய்மானமும் கூடும். வால்வு பழுதாக இருந்தால் அதே அளவுள்ள புதியதை மாட்டுங்கள். வால்வில் சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். காற்று வெளியேறுவதற்காகவே வைத்த வழி அது.

‘போர் தண்ணீர் ஊற்றலாமா?’

உப்புத் தண்ணீர் உள்ளே காரை கட்டும், துருவும் பிடிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தூய நீரில் கூலன்டைக் கலந்து ஊற்றுங்கள். கலவை விகிதம் டப்பாவில் இருக்கும். கலந்தே விற்கும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு வகைக் கூலன்டோடு கலக்காதீர்கள்.

‘வயலில் வண்டி கொதித்துவிட்டால் உடனே மூடியைத் திறக்கலாமா?’

கூடவே கூடாது. பல ரேடியேட்டர் மூடிகளில் 0.9 என்ற எண் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 118 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், ஆவியும் கொதிநீரும் முகத்தில் அடிக்கும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். பிறகு, கனமான துணி போட்டு, முகத்தை விலக்கி, மெதுவாகத் திறங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

‘வடித்த பழைய கூலன்டை என்ன செய்வது?’

வரப்பிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய், ஆடு, கன்றுக்குட்டி குடித்தால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். வாளியில் அளந்த கையோடு அதை மூடி வைக்கவும் மறக்காதீர்கள்.